வால்வுப் பெட்டியும் என் காதும்

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம் நான் ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆரம்பித்தேன். கடையில் வாங்கினால் ஆகாதா என்று என் மனைவி கேட்டாள். ஆகும்தான். ஆனால் கடையில் இருப்பதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று குறைவதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பாட்டின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி வைத்தது போல. சின்ன வயதில் கேட்ட ஜால்ராவின் கிணுகிணுப்பும், வயலின் கம்பியில் வில் உரசும் நுனிச் சத்தமும் இப்போது எந்தப் பெட்டியிலும் வருவதில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இந்தக் காலத்துச் சாமான்கள் மட்டம், அதுதான் காரணம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

ராஜபாளையத்தில் என்னைப் போல மில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நான் நூற்பு மில்லில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தேன். ஷெட்டுக்குள் நூல் முறுக்கும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சுற்றும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். உள்ளே போகிறவர்கள் காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு மில்லிலேயே ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். நான் எதையும் வைத்துக்கொண்டதில்லை. காதை அடைத்துவிட்டால் மோட்டார் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும் என்பேன். ஒரு மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அதன் பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் அதைப் பாராட்டினார்கள். என் காது சாதாரணக் காது இல்லை என்று நான் நம்ப ஆரம்பித்தது அப்படித்தான்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வைப் பலரும் பார்த்திருப்பார்கள். போட்டால் உள்ளே இழை சிவந்து, சூடேறிய பிறகு பாடும். வால்வின் சத்தத்தில் ஓர் இதம் உண்டு என்று சொல்லுவார்கள். ஆனால் வால்வை மட்டும் வைத்து ஸ்பீக்கரை ஓட்ட வேண்டுமென்றால் கனமான, விலை கூடிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதனால் முன்பக்கம் வால்வு, பின்பக்கம் டிரான்சிஸ்டர் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு. சன்னமான சத்தத்தை வால்வு பெரிதாக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலத்தை டிரான்சிஸ்டர் கொடுக்கும். நான் கட்டியது அந்த வகை. மதுரையில் பழைய ரேடியோ சாமான் விற்கிற கடையில் இரண்டு வால்வுகள் கிடைத்தன. வால்வுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்கென்று பன்னிரண்டு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற ஒரு சின்ன கன்வெர்ட்டர் போர்டை ஆன்லைனில் வரவழைத்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். அலுமினியத் தகட்டை நானே அறுத்து, துளை போட்டு, ஓரங்களைத் தேய்த்தேன். சால்டரிங் புகை வீட்டுக்குள் வருகிறது என்று மனைவி ஜன்னலைத் திறந்து வைப்பாள். மழைக்காலம் ஆரம்பிக்கும் சமயத்தில் பெட்டி பாடிவிட்டது. இரண்டு வால்வுகளும் செம்மஞ்சளாக ஒளிர, முதல் பாட்டு ஸ்பீக்கரில் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பது உண்மை.

ஆனால் இரண்டு நாளில் அந்தப் பழைய குறை திரும்பவும் தோன்றியது. நுனிச் சத்தம் இல்லை. போர்வை அப்படியே இருந்தது. கெப்பாசிட்டரை மாற்றினேன். ரெசிஸ்டரை மாற்றினேன். மேல் ஸ்தாயிச் சத்தம் தூக்கலாக வரும்படி வயரிங்கை மாற்றினேன். பிறகு இன்னும் கொஞ்சம் தூக்கினேன். கடைசியில் ஏதோ ஓரளவுக்கு எனக்குப் பிடித்த மாதிரி வந்தது.

அந்த நாட்களில்தான் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, சேலை முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்று சொன்னாள்:

"ஏங்க, அந்தப் பெட்டி கொசு கத்துதாப்புல கீச்சுங்குதே. போட்டதுலேருந்து நிக்கவே மாட்டேங்குது. தலைய வலிக்குது."

நான் காது கொடுத்துக் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. வால்வு பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை.

"நீ டி.வி. சீரியல் சத்தத்துலயே இருந்து பழகிட்ட. நல்ல சவுண்டுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது" என்றேன்.

அன்றையிலிருந்து நான் பெட்டியைப் போட்டால் அவள் மாடிக்குப் போய்விடுவாள். துணி மடிக்கிறதும், அரிசி புடைக்கிறதும் மாடியில் என்று ஆயிற்று. கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. உறவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். இப்போது தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு, தேர் வீதிக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் நல்ல பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஐந்தாறு பேர் கூடுவோம். கூட்டுறவு பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வ. புதுப்பட்டியிலிருந்து தோட்ட வேலையை முடித்துவிட்டு வருகிற ஒருவர், இன்னும் இரண்டு பேர். யாராவது புதிதாக ஒன்று வாங்கியிருந்தாலோ, கட்டியிருந்தாலோ கொண்டுவருவார்கள். எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். அண்ணாச்சி மனைவியை நாங்கள் மதினி என்போம். காப்பி கொடுத்துவிட்டு அவரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த மாதம் நான் பெட்டியைக் கட்டைப்பையில் வைத்து பஸ்ஸில் மடியோடு அணைத்துக்கொண்டு போனேன். வால்வு ஆடிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வேகத்தடையிலும் பையைத் தூக்கிப் பிடித்தேன். முன்பே அண்ணாச்சிக்கு போன் போட்டு, இந்தத் தடவை வேறெதுவும் வேண்டாம், என் பெட்டி மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். வால்வு சூடேறும் வரை நான் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். இப்போது வருகிற சாமான்களில் நுனிச் சத்தம் ஏன் வருவதில்லை, என் பெட்டியில் அதை எப்படிக் கொண்டுவந்தேன், எத்தனை கெப்பாசிட்டர் மாற்றிப் பார்த்தேன் என்றெல்லாம். பிறகு ஒரு புல்லாங்குழல் கச்சேரியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் என் பெட்டி பாடுவதைக் கேட்டபோது எனக்குள் என்ன ஒரு நிறைவு. தலையை லேசாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ.

கண்ணைத் திறந்தபோது மதினி முந்தானையைச் சுருட்டி ஒரு காதில் வைத்திருந்தார். நான் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். பேங்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப்பட்டிக்காரர் முகத்தைச் சுளித்தபடி வாசல் பக்கம் திரும்பியிருந்தார். அண்ணாச்சி எழுந்து பெட்டி பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, இந்தக் கீச்சுச் சத்தம் எங்கேர்ந்து வருது?" என்றார்.

"எந்தச் சத்தம் அண்ணாச்சி?"

அவர் பாட்டை நிறுத்தினார். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் எல்லாரும் ஸ்பீக்கரையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு அது சுத்தமான அமைதியாக இருந்தது. ஆனால் அவர்கள் முகங்களைப் பார்த்தால் அங்கே ஏதோ ஒன்று ஊசி மாதிரி குத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

அந்த இடத்திலேயே, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அதற்குப் பதிலாக நான் செய்தது, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "ஓ, அதுவா" என்றேன். "ஆமா ஆமா, பவர் சப்ளைல வருது. பஸ்ல ஆடுனதுல எர்த் வயர் லூசாயிருக்கும்." மூடியைத் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகைத் திருகினேன். ஒரு வயரை அழுத்தினேன். காதைச் சாய்த்துக் கேட்பது போல நடித்தேன். பிறகு நிமிர்ந்து, "இப்பப் போயிருச்சுல்ல?" என்றேன்.

அது போகவில்லை. கொஞ்சம்கூடக் குறையவில்லை என்பதை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன். அப்போது மதினி சொன்னார்:

"ஆமா தம்பி. இப்பப் பரவால்ல."

பேங்க்காரர் சட்டென்று மதினியைத் திரும்பிப் பார்த்தார். மதினி அவரைப் பார்க்காமல் காப்பி டம்ளர்களை எடுக்க ஆரம்பித்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் என் குறை தெரிந்துவிட்டது. என் மேல் இரக்கப்பட்டு ஒரு பெரிய மனுஷி பொய் சொல்லியிருக்கிறார். நான் பெட்டியை அணைத்தேன். பேத்தி பிறந்தநாளுக்கு போன் பண்ண வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு, சூடு ஆறாத பெட்டியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். எனக்குப் பேத்தியே கிடையாது என்பதும் அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி காதுப் பக்கத்தில் விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உரசினால் ஒரு சரசரப்பு வருமே, அது எந்தக் காதிலும் வரவில்லை. கடைசியாக அதை எப்போது கேட்டேன் என்றும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, எப்படி இருந்தது என்று கேட்டாள். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று என்றேன். மறுநாள் அவள் பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு ஆப்பை இறக்கினேன். அதில் ஓர் அம்புக்குறியை நகர்த்தினால் சத்தம் தடித்த குரலிலிருந்து சன்னக் குரலுக்கு ஏறிக்கொண்டே போகும். நாலாயிரம் என்ற இடம் வரைக்கும் கேட்டது. அதன் பிறகு அம்பு நகர்ந்துகொண்டே இருந்தது, என் காதில் ஒன்றுமே இல்லை. போன்தான் கெட்டுவிட்டதோ என்று ஒரு சின்ன ஆசை. எட்டாயிரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கொல்லையிலிருந்து அவள் குரல் வந்தது. "அதுவும் அந்தப் பெட்டி மாதிரியே கத்துது. நிறுத்துங்க."

அவள் இருந்தது செம்பருத்திச் செடி பக்கத்தில். நான் போனைக் கையில் வைத்திருந்தேன்.

கொல்லைப்படியில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது, நான் நடித்தது, மதினி சொன்ன பொய். அவள் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். நான் எதிர்பார்த்தபடி அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. காலிங் பெல் அடித்தால் நான் எழுந்திருப்பதில்லை. டி.வி.யில் செய்தி வாசிப்பது பெண்ணாக இருந்தால் சத்தத்தைக் கூட்டுவேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. இதையெல்லாம் அவள் என் திமிர் என்றே பல வருஷம் நினைத்திருக்கிறாள். பிறகு, காதாக இருக்குமோ என்று நினைத்தபோது, சொன்னால் எரிந்து விழுவேன் என்று விட்டுவிட்டாள்.

"நான் சங்கீதம் படிச்சவ இல்ல. சத்தம் கேக்குதுன்னு சொன்னேன், அம்புட்டுதான். அதுக்குப் போயி நீங்க அப்படிப் பேசுனிய" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பிறகு அவளே இன்னொன்றையும் சொன்னாள்.

எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள். தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆரம்பத்தில் எனக்கு வருத்தம் இருந்தது. அது ஒரு வருஷத்தில் போய்விட்டது. ஆனால் அவள் போன் பண்ணும்போதெல்லாம் நான், "நல்லாருக்கியாம்மா, இந்தா அம்மாகிட்டக் குடுக்கேன்" என்று சொல்லிப் போனைக் கைமாற்றிவிடுவேன். அவள் குரல் மெல்லிய குரல். போனில் வந்தால் வெறும் முனகலாகத்தான் எனக்குக் கேட்கும். கேட்டது புரியாமல் ஏதாவது தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சீக்கிரம் முடித்துக்கொள்வேன். டவர் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

"அப்பாவுக்கு இன்னும் என் மேல கோவம் போகலன்னு சொல்லி அழுவா. நான் என்னத்தச் சொல்ல" என்றாள் மனைவி.

மோட்டாரின் பேரிங்கைச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன் என்று பேர் வாங்கியவன் நான். பெற்ற பிள்ளை அழுதிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

அன்று மகளுக்கு போன் பண்ணும் தைரியம் வரவில்லை. முதலில் டாக்டரிடம் போனோம். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பட்டனை அழுத்தாமல் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். கேட்காவிட்டாலும் அழுத்திவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. இந்த வயதிலும் பரீட்சையில் தோற்க மனசு ஒப்பவில்லை. டாக்டர் தாளைக் காட்டினார். கோடு ஒரு மட்டத்தில் வந்து, பாதியில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. மில்லில் வேலை பார்த்தீர்களா என்று அவரே கேட்டார். நரம்பு தேய்ந்தது திரும்பாது, மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்றார். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டதுண்டா என்று கேட்டபோது நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது மெஷின் வந்த பிறகுதான் மகளை அழைத்தேன். வீடியோவில். மெஷினைப் பார்த்துவிடக் கூடாதென்று முதலில் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். பிறகு நேராகத் திரும்பிக் காட்டினேன்.

"ஒம் மேல கோவம் இல்லம்மா. எனக்குக் காது கேக்கல. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். அந்த வார்த்தை தெளிவாகக் கேட்டது.

நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன்; கேட்காமல், வழக்கம் போலப் போனை அவள் அம்மாவிடம் நீட்டினேன். மனைவி வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே பேசுங்க" என்று தள்ளி நின்றாள். பேசினேன். மகளின் வேலையைப் பற்றி, மருமகனுக்கு வந்து போன காய்ச்சலைப் பற்றி. பாதியில் ஓரிடம் புரியவில்லை. "திருப்பிச் சொல்லும்மா" என்றேன். எத்தனையோ வருஷமாக என் வாயில் வராத சொல் அது.

பெட்டி மாடிப்படிக்கு அடியில் மூடிக் கிடந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மனைவிதான், கட்டியதைப் பாதியில் போடுவானேன் என்றாள். அந்தக் கீச்சொலி மெஷின் வைத்தும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் அவள் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தாள். நான் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். எர்த் வயரை மாற்றினேன். "இருக்கு" என்றாள். இரைச்சல் புகாதபடி வால்வு மேல் ஒரு தகரக் குப்பியைக் கவிழ்த்தேன். "இருக்கு." கன்வெர்ட்டர் போர்டைக் கழற்றி, வயரை நீட்டி, பெட்டிக்கு வெளியே தூரத்தில் வைத்தேன். "கொறஞ்சிருக்கு, ஆனா இருக்கு." குற்றவாளி அதுதான் என்று தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மோட்டார் வைண்டிங் கடையில் அந்த வோல்ட்டுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் சுற்றச் சொல்லி வாங்கி மாட்டினேன். மேல் ஸ்தாயியைத் தூக்குவதற்காக நான் செய்திருந்த மாற்றங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் எனக்குப் பாட்டு இன்னும் மந்தமாகியது. அவளுக்கு இன்னும் நன்றாகியது. அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் இரண்டு மாதம் போகவில்லை. அண்ணாச்சி போன் பண்ணியபோது ஏதாவது சாக்குச் சொன்னேன். ஒரு நாள் சாயங்காலம் அவரே ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். சோழபுரத்தில் ஒரு விசேஷம், அப்படியே வந்தேன் என்றார். என் காதில் இருந்ததைப் பார்த்தார். பார்க்காத மாதிரி வேறெங்கும் பார்க்கவில்லை, நன்றாகவே பார்த்தார்.

அன்றைக்கு நடித்ததைச் சொன்னேன். "எங்களுக்கு அன்னைக்கே தெரியும் தம்பி" என்றார். "நீங்க போன பொறவு ஒங்க மதினிக்கு மனசே சரியில்ல. பொய் சொன்னது தப்போ, நேராச் சொல்லியிருக்கணுமோன்னு கெடந்து பொலம்புனா. நீங்க போயிப் பாத்துட்டு வாங்கன்னு அவதான் அனுப்புனா."

அப்படியென்றால் சோழபுரத்து விசேஷம் என்பதும் பொய்தானா என்று நான் கேட்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரில் நல்லவர்கள் எல்லாம் என்னால் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டியைப் போடச் சொன்னார். போட்டேன். வால்வு சிவந்து, சூடேறி, ஒரு நாகஸ்வரம் வந்தது. அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு என்ன கேட்டது என்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்டது, இனிமேல் அப்படித்தான் கேட்கும். நான் ஸ்பீக்கரைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடவில்லை. தொடையில் விரலால் தாளம் போட்டார். ஓரிடத்தில் புருவம் உயர்ந்தது. சத்தமில்லாமல் சிரித்தார்.

வாசித்து முடிந்ததும், நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள், அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு வீடு தாண்டிக் கேக்குது. செத்த கொறைங்க."

குறைத்தேன்.